டிஸ்ட் கட்டளை (ஆட்டோகேட்)

டிஸ்ட் என்பது ஆட்டோகேட் என்னும் கணினிவழி வரைதல் மென்பொருளில் இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தொலைவை அறியப் பயன்படும் கட்டளை ஆகும். தொலைவைக் குறிக்கும் டிஸ்டன்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கமே இதன் பெயர். டி, ஐ ஆகிய இரண்டு எழுத்துக்களை மட்டும் தட்டியும் இதனை அழைக்கலாம். இக்கட்டளை வரைபடத்தில் எதையும் வரைவதில்லை, எதையும் மாற்றுவதும் இல்லை. கேட்ட கேள்விக்குக் கட்டளை வரியில் விடையளிப்பதோடு இதன் பணி முடிகிறது. அவ்விடையில் இருப்பது ஓர் எண் அன்று, ஆறு எண்கள். முதல் எண்ணை மட்டும் படித்துவிட்டு ஏனைய ஐந்தையும் விட்டுவிடுவதால் விளையும் பிழைகள் பல.

தாளில் வரையப்பட்ட படத்தில் தொலைவை அறிய அளவுகோலை வைத்து அளந்து, படத்தின் அளவுத்திட்டத்தால் பெருக்க வேண்டும். 1:100 அளவுத்திட்டத்தில் 4.2 செ.மீ. என்பது 4.2 மீட்டர் ஆகும். 1982 ஆம் ஆண்டு ஆட்டோடெஸ்க் நிறுவனம் வெளியிட்ட ஆட்டோகேட்டில் பொருள்கள் பொதுவாக உண்மையான அளவிலேயே வரையப்படுகின்றன. அளவுத்திட்டம் அச்சிடும்போதுதான் தேவைப்படுகிறது. ஆகவே டிஸ்ட் தரும் விடையை எதனாலும் பெருக்க வேண்டியதில்லை.

பயன்படுத்தும் முறை

கட்டளையைத் தட்டியதும் மென்பொருள் முதற்புள்ளியையும், பின்னர் இரண்டாம் புள்ளியையும் கேட்கிறது. புள்ளிகளைச் சுட்டியால் காட்டலாம், அல்லது ஆள்கூறுகளாகத் தட்டலாம். கண்ணால் பார்த்துச் சுட்டுவது போதாது. 100 மீட்டர் அகலமுள்ள மனை 1000 படப்புள்ளிகள் அகலத்தில் திரையில் தெரியுமாயின், ஒரு படப்புள்ளி பிசகினாலே 10 செ.மீ. பிழை ஏற்பட்டுவிடும். இதனைத் தவிர்க்க ஆப்ஜெக்ட் ஸ்னாப் எனப்படும் வசதியைப் பயன்படுத்த வேண்டும். இது கோட்டின் முனை, நடுப்புள்ளி, வெட்டுப்புள்ளி, வட்டத்தின் மையம் போன்ற இடங்களைச் சரியாகப் பற்றிக்கொள்ளும். எஃப்3 விசை இவ்வசதியை இயக்கவும் நிறுத்தவும் உதவுகிறது.

வேறொரு கட்டளையின் நடுவிலும் அளக்க முடியும். அப்போது கட்டளைப் பெயருக்கு முன் ஓர் ஒற்றை மேற்கோள் குறி இட வேண்டும். அளந்து முடித்ததும் விட்ட இடத்திலிருந்து முந்தைய கட்டளை தொடரும்.

வெளியீட்டைப் படித்தல்

(0,0,0) என்னும் புள்ளியிலிருந்து (4,3,12) என்னும் புள்ளி வரை அளந்தால், ஆங்கிலப் பதிப்பின் கட்டளை வரியில் தோன்றும் விடையைத் தமிழ் எழுத்தில் பின்வருமாறு எழுதலாம்:

டிஸ்டன்ஸ் = 13.0000, ஆங்கிள் இன் எக்ஸ்ஒய் பிளேன் = 37, ஆங்கிள் ஃப்ரம் எக்ஸ்ஒய் பிளேன் = 67
டெல்டா எக்ஸ் = 4.0000, டெல்டா ஒய் = 3.0000, டெல்டா இசட் = 12.0000

முதலாவது, இரு புள்ளிகளுக்கும் இடையேயான நேர்கோட்டுத் தொலைவு. இரண்டாவது, அக்கோட்டை மேலிருந்து பார்க்கும்போது எக்ஸ் அச்சுடன் அது அமைக்கும் கோணம். வழக்கமான அமைப்பில் இது கிழக்கில் தொடங்கி இடஞ்சுழியாக அளக்கப்படும். மூன்றாவது, கிடைத்தளத்திலிருந்து கோடு எவ்வளவு மேலெழுகிறது என்பதைக் காட்டும் கோணம். இறுதி மூன்றும் ஒவ்வோர் அச்சின் திசையிலும் உள்ள வேறுபாடுகள். புள்ளிகளின் வரிசையை மாற்றினால் தொலைவு மாறாது. டெல்டா மதிப்புகளின் குறிகளும் கோணங்களும் மாறும். விடை விரைவாக மேலே நகர்ந்து மறைந்துவிட்டால் எஃப்2 விசையை அழுத்தி மீண்டும் காணலாம்.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் எச்சரிக்கை ஒன்று உள்ளது. படத்தை மேலிருந்து நோக்குபவருக்கு 5 அலகு நீளமே தெரியும். 4, 3 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் கண்டால் 5 தான் வரும். கட்டளையோ 13 என்கிறது. இரண்டுமே சரி. ஒன்று கிடைத்தொலைவு, மற்றது சாய்தொலைவு. நில அளவைப் படங்களில் சமவுயரக் கோடுகளும் உயரப் புள்ளிகளும் தத்தம் உயரத்துடன் சேமிக்கப்பட்டிருப்பது வழக்கம். ஒரு முனையைத் தரைமட்டக் கோட்டிலும் மறுமுனையை 12 மீட்டர் உயரப் புள்ளியிலும் ஸ்னாப் பற்றிக்கொண்டால், திரையில் எவ்வித மாற்றமும் தெரியாமலே தொலைவு கூடிவிடும். மனையின் எல்லை நீளத்துக்குக் கிடைத்தொலைவே வேண்டும். சரிவில் பதிக்கும் குழாய்க்குச் சாய்தொலைவு வேண்டும். எனவே டெல்டா இசட் சுழியமா என்பதை முதலில் பார்ப்பதே நல்ல பழக்கம். ஆஸ்னாப்இசட் என்னும் முறைமை மாறியை 1 என அமைத்தால், பற்றிய புள்ளியின் உயரத்துக்குப் பதிலாக நடப்பு உயரமே கொள்ளப்படும். படத்தையே தட்டையாக்கிவிடும் வழியும் உண்டு. ஆனால் அரும்பாடுபட்டு எடுத்த உயரத் தரவுகள் அதில் அழிந்துபோகும்.

முழுமையாக்கமும் அலகும்

திரையில் தெரிவது சேமிக்கப்பட்ட மதிப்பு அன்று, முழுமையாக்கப்பட்ட மதிப்பே. எத்தனை பதின்ம இடங்கள் காட்டப்பட வேண்டும் என்பதை யூனிட்ஸ் கட்டளை முடிவு செய்கிறது. பதின்ம இடமே இல்லாத அமைப்பில் 99.6 என்பது 100 எனக் காட்டப்படும். கோணத்தில் இத்தொல்லை அதிகம், ஏனெனில் இயல்பான அமைப்பில் கோணத்துக்குப் பதின்ம இடங்கள் இல்லை. மேலே 37 எனக் காட்டப்பட்ட கோணத்தின் உண்மை மதிப்பு ஏறத்தாழ 36.87 பாகை. ஒருவர் 37 பாகையை நம்பி 50 மீட்டர் கோடு ஒன்றை வரைந்தால் அதன் மறுமுனை சுமார் 11 செ.மீ. விலகி நிற்கும். அடித்தளத் தூண்களின் இடத்தைக் குறிப்பவருக்கு இது சிறிய பிழை அன்று. கடைசியாக அளந்த தொலைவு டிஸ்டன்ஸ் என்னும் முறைமை மாறியில் முழுத் துல்லியத்துடன் இருப்பதால், ஆட்டோலிஸ்ப் நிரல்கள் அதனை நேரடியாக எடுத்துக் கணக்கிட இயலும்.

விடையில் மீட்டர், மில்லிமீட்டர் என எதுவும் குறிக்கப்படுவதில்லை. ஓர் அலகு என்பது என்ன என்று தீர்மானித்தவர் வரைந்தவரே. ஆனால் கட்டடக்கலை வடிவம் தெரிவு செய்யப்பட்டால் மென்பொருள் ஓர் அலகை ஓர் அங்குலம் எனக் கொள்ளும். மீட்டரில் வரைந்த 12 மீட்டர் சுவர் அப்போது 1 அடி எனக் காட்டப்படும். இத்தகைய பெரும்பிழை உடனே கண்ணில் பட்டுவிடும். நுண்ணிய பிழைகளே ஆபத்தானவை.

தாள் வெளியில் அளத்தல்

அச்சுக்கு ஒழுங்குபடுத்தும் லேஅவுட்டில், அதாவது தாள் வெளியில் அளந்தால், கிடைப்பது தாளின் மீதுள்ள தொலைவு. காட்சிச் சாளரம் ஒன்றினுள் தெரியும் பொருள்களை ஸ்னாப் கொண்டு பற்றினால் மட்டும் பொருளின் இரு பரிமாணத் தொலைவு கிடைக்கும். முப்பரிமாணத் தொலைவுக்கு மாடல் வெளிக்குச் செல்வதே முறை.

அளவுக்குறிப்புடன் முரண்படுதல்

படத்தில் எழுதப்பட்ட அளவுக்குறிப்பும் டிஸ்ட் விடையும் சில வேளைகளில் ஒத்துப்போவதில்லை. அளவுக்குறிப்பின் எழுத்தைக் கையால் மாற்றி எழுத மென்பொருள் இடமளிக்கிறது. 3.00 மீட்டர் கதவை 3.20 எனக் காட்ட விரும்புபவர், கோட்டை நகர்த்தாமல் எழுத்தை மட்டும் மாற்றிவிட முடியும். டிஸ்ட் கோட்டையே அளப்பதால் இதனை வெளிப்படுத்திவிடும். ஆயினும் எது பிழை என்பதைக் கட்டளை சொல்லாது. வரைந்தவர் வேண்டுமென்றே அளவுத்திட்டமின்றி வரைந்திருந்தால் எழுதப்பட்ட எண்ணே செல்லுபடியாகும். இத்தகைய முரண் கண்டவர் வரைந்தவரிடம் கேட்பதே ஏற்றது.

தொடர்புடைய கட்டளைகள்

ஒரு புள்ளியின் ஆள்கூறுகளை ஐடி கட்டளையும், ஒரு பொருளின் பண்புகளை லிஸ்ட் கட்டளையும் தருகின்றன. ஆட்டோகேட் 2010 பதிப்பில் மெஷர்ஜியோம் என்னும் கட்டளை சேர்க்கப்பட்டது; தொலைவு, ஆரம், கோணம், பரப்பு, கனவளவு ஆகியவற்றை இது ஒருங்கே தருகிறது. 2020 பதிப்பில் இதனுடன் விரைவு அளவீடு என்னும் தெரிவு இணைந்தது. சுட்டியை நகர்த்தினாலே அருகிலுள்ள அளவுகள் திரையில் தோன்றும். ஆயினும் இது இரு பரிமாணப் படங்களுக்கானது. கட்டற்ற மென்பொருளான லிப்ரேகேட்டிலும் இரு புள்ளிகளுக்கு இடையே அளக்கும் வசதி உண்டு. அது இரு பரிமாண மென்பொருள் ஆதலால் அங்கு டெல்டா இசட் பற்றிய கவலை எழுவதில்லை.