சர்ச்சில்

கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில், ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில், சர்ச்சில் ஆறு கடலில் கலக்குமிடத்தில் உள்ள சிற்றூர். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 870. வெளியுலகோடு சாலைத் தொடர்பு இல்லை. பெயர், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் தலைவராக இருந்த ஜான் சர்ச்சிலைக் குறிப்பது. பிரிட்டிஷ் பிரதமராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் இவருடைய வழித்தோன்றல்.

கிரீ, டெனே, இனுயிட் மக்கள் நெடுங்காலமாக வேட்டையாடி வந்த பகுதி இது. ஐரோப்பியரில் முதலில் இங்கே குளிர்காலம் கழித்தவர் டென்மார்க் மன்னர் அனுப்பிய யென்ஸ் முங்க். ஆசியாவுக்கு வடமேற்குக் கடல்வழி தேடி 1619இல் இரு கப்பல்களில் அறுபதுக்கும் மேற்பட்டோருடன் வந்தார். மறு கோடையில் அவரும் வேறு இருவருமே எஞ்சினர்; மூவருமாகச் சிறிய கப்பலைச் செலுத்தி ஊர் திரும்பினர். மற்றவர்களைக் கொன்றது ஸ்கர்வி என்பது பழைய கருத்து. அரைவேக்காட்டுப் பனிக்கரடி இறைச்சியால் வந்த ஒட்டுண்ணி நோய் என்போரும் உண்டு.

கம்பெனியின் நிலையான உரோம வணிகச் சாவடி 1717இல் எழுந்தது. கிரீ, டெனே மக்களிடையே சமாதானம் செய்துவைத்து அதற்கு வழிதிறந்த டெனே பெண் தனடெல்தர், அதே ஆண்டின் தொடக்கத்தில் நோயால் இறந்தார். 1730களில் தொடங்கிய வேல்ஸ் இளவரசர் கற்கோட்டையைக் கட்டி முடிக்கச் சுமார் 40 ஆண்டுகள் பிடித்தன. 1769 ஜூனில் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைக் காண லண்டனிலிருந்து வந்த வில்லியம் வேல்ஸ், ஜோசப் டைமண்ட் இருவரும், கோடையில் மட்டுமே கப்பல் வரும் என்பதால், முந்தைய ஆண்டே வந்து காத்திருந்தனர். சில மணி நேரக் காட்சிக்கு ஒரு குளிர்காலம் விலை. மூன்றடிக் கற்சுவருக்குள்ளும் படுக்கை பலகையோடு உறைந்து ஒட்டிக்கொண்டதை வேல்ஸ் எழுதிவைத்திருக்கிறார்.

அருகிலுள்ள ஸ்லூப் குடாவின் பாறையில் கம்பெனி ஊழியர் சாமுவேல் ஹெர்ன் 1767இல் செதுக்கிய தம் பெயர் இன்றும் தெளிவாகத் தெரிகிறது. பனியுகப் பனிப்பாறையின் சுமை நீங்கிய நிலம் இன்னும் மேலெழுந்து வருவதால், கப்பல் கட்டிய இரும்பு வளையங்களின் கீழே இப்போது புல்தான். டெனே தலைவர் மாட்டோனபியின் துணையோடு காப்பர்மைன் ஆறுவரை நடந்தே சென்றுவந்த ஹெர்ன், பின்னர் கோட்டையின் பொறுப்பாளரானார். 1782இல் பிரெஞ்சுத் தளபதி லா பெரூஸ் மூன்று போர்க்கப்பல்களுடன் வந்தபோது, ஒரு குண்டும் சுடாமல் சரணடைந்தார். கோழைத்தனம் என்று சிலர் எழுதினர்; ஏறக்குறைய பீரங்கிக்கு ஓர் ஆள்கூடத் தேறாத நிலையில் வேறென்ன செய்திருக்க முடியும் என்பது மறுதரப்பு. அவரது பயணக் குறிப்புகளை, அச்சிட வேண்டும் என்ற நிபந்தனையுடன் லா பெரூஸ் திருப்பித் தந்ததாகச் சொல்லப்படுகிறது. நூல் 1795இல், ஹெர்ன் மறைந்தபின் வெளியானது.

19ஆம் நூற்றாண்டில் சாவடி சிறிய அளவில் தொடர்ந்தது.

புல்வெளி மாகாணங்களின் கோதுமையைக் குறுகிய வழியில் ஐரோப்பாவுக்கு அனுப்பும் திட்டம் ஊருக்கு மறுவாழ்வு தந்தது. முதலில் தேர்ந்தெடுத்த போர்ட் நெல்சனில் வேலை கைவிடப்பட்டு, ரயில்பாதை 1929இல் சர்ச்சிலை எட்டியது. துறைமுகம் 1931இல் இயங்கத் தொடங்கியது. 1942இல் அமெரிக்க ராணுவம் தளமும் விமானத் திடலும் அமைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் இங்கிருந்து ஆய்வு ராக்கெட்டுகள் ஏவப்பட்டன. 1956இல் அரசு சயிசி டெனே மக்களைத் தம் வேட்டை நிலத்திலிருந்து பெயர்த்து இங்கே குடியமர்த்தியது. வறுமையிலும் வன்முறையிலும் பலர் மாண்டனர். எஞ்சியோர் 1973இல் டாடூல் ஏரிக்குத் தாமே பெயர்ந்தனர். அரசு மன்னிப்புக் கேட்டது 2016இல்.

அக்டோபர், நவம்பரில் கடல் உறையக் காத்திருக்கும் பனிக்கரடிகளும், கோடையில் கழிமுகத்துக்கு வரும் பெலுகா திமிங்கிலங்களும் சுற்றுலாவுக்கு ஆதாரம். ஊருக்குள் நுழையும் கரடிகளை அடைத்துவைக்கத் தனிக் கொட்டடி உண்டு.

வின்னிபெக்கிலிருந்து சுமார் 1,700 கி.மீ. ரயில் பயணம், இரண்டு இரவுகள் பிடிக்கும். 2017 மே மாத வெள்ளம் பாதையை அரித்ததால் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ரயில் ஓடவில்லை. 2018இல் ரயில்பாதையும் துறைமுகமும் ஆர்க்டிக் கேட்வே குழுமத்தின் வசம் வந்தன. இப்போது அது பழங்குடிச் சமூகங்களுக்கும் வடபகுதி ஊர்களுக்கும் உரியது. 2024இல் துறைமுகத்திலிருந்து துத்தநாகத் தாது ஏற்றுமதியானது.