வாழையடி வாழையும் ஒரு மண் பூஞ்சையும்

பெரியப்பாவின் தோட்டம் லால்குடிப் பக்கம். நான் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படித்தபோது, விடுமுறையில் ஒருநாள் என்னை அங்கே கூட்டிப்போனார். ரஸ்தாளி போட்டிருந்தார். குலை தள்ள வேண்டிய நேரம். ஆனால் அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. வாய்க்காலில் மோட்டார் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“தண்ணி நிக்குது தம்பி. மரம்தான் குடிக்க மாட்டேங்குது” என்றார். அரிவாளை எடுத்து ஒரு மரத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டினார். வெள்ளையாக இருக்க வேண்டிய தண்டுக்குள் செம்பழுப்பு நிறத்தில் வளையம் வளையமாகப் புள்ளிகள். “இந்த இடத்துல இனிமே ரஸ்தாளி வராது.” அடுத்த வருடம் அங்கே பூவன் போட்டார்.

பல வருடங்கள் கழித்து மத்திய அமெரிக்காவின் வரலாற்றைப் படிக்கும்போது அந்த வாக்கியம் நினைவுக்கு வந்தது. நூறு வருடங்களுக்கு முன்பு அங்கேயும் இதே நோய், இதே முடிவுரை. ஆனால் அடுத்து செய்த காரியம் வேறு. பெரியப்பா வாழையை மாற்றினார். அவர்கள் நிலத்தை மாற்றினார்கள்.

*

நோய்க்குக் காரணம் ஃபுசாரியம் ஆக்ஸிஸ்போரம் என்ற மண் பூஞ்சை. வேர் வழியாக நுழைந்து, தண்ணீர் ஏறும் குழாய்களுக்குள் வளர்கிறது. வாழையும் சும்மா இருப்பதில்லை. பூஞ்சையைத் தடுக்க அந்தக் குழாய்களைத் தானே பசை வைத்து அடைக்கப் பார்க்கிறது. இரண்டும் சேர்ந்து குழாய் அடைபடுகிறது. ஈர மண்ணில் நின்றபடியே மரம் தாகத்தில் சாகிறது. அதற்குப் பிறகும் பூஞ்சை போவதில்லை. தடித்த சுவர் கொண்ட வித்துகளாக மாறி, பல பத்தாண்டுகள்கூட மண்ணுக்குள் தூங்கும். வாழை வேர் பக்கத்தில் வந்தால் விழித்துக்கொள்ளும்.

1876-ல் ஆஸ்திரேலியாவில் ஜோசப் பேன்கிராஃப்ட் என்ற மருத்துவர் இந்த நோயை முதலில் பதிவு செய்தார். 1890-களில் கோஸ்டா ரிகா, பனாமா தோட்டங்களில் தென்பட்டது. பனாமா நோய் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அங்கே பயிரானது குரோ மிஷேல் என்ற ஒரே ரகம். 1835-ல் ஜமைக்காவுக்கு வந்து, அங்கிருந்து பரவியது. தடித்த தோல். குலையை அப்படியே கப்பலில் அடுக்கினாலும் அடிபடாது. அமெரிக்கச் சந்தைக்கு வேறென்ன வேண்டும்?

‘வாழையடி வாழையாக’ என்று வாழ்த்துகிறோம், இல்லையா? அதன் நேரடிப் பொருளை யோசித்துப் பாருங்கள். நாம் சாப்பிடும் பெரும்பாலான வாழைகளில் குரோமோசோம்கள் மூன்று தொகுதி. ஒழுங்காக விதை உண்டாகாது. தாய்க்கிழங்கிலிருந்து பக்கக்கன்று, அதிலிருந்து இன்னொன்று. எல்லாம் ஒரே மரத்தின் காப்பிகள். ஒரு காப்பி வீழ்ந்தால் எல்லாக் காப்பிகளும் வீழும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் எல்லா சர்வர்களிலும் ஒரே இமேஜ்தான். ஒரு கெட்ட அப்டேட் வந்த இரவில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

*

1899-ல் உருவான யுனைடெட் ஃப்ரூட் நிறுவனம் கண்டுபிடித்த தீர்வு எளிமையானது: மண் கெட்டால் விட்டுவிட்டுப் போ, அடுத்த காட்டை அழி. ஐம்பது வருடங்களில் சுமார் 40,000 ஹெக்டேர் தோட்டம் இந்த நோயால் போனதாக ஒரு மதிப்பீடு உண்டு.

நிறுவனம் போய்விடும், மனிதர்கள்? கோஸ்டா ரிகாவின் கரீபியன் கரையில் லிமோன் பகுதித் தோட்டங்களை உருவாக்கியதில் பெரும்பங்கு ஜமைக்காவிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்களுடையது. 1930-களில் நிறுவனம் பசிபிக் கரைக்கு நகர்ந்தது. அந்தப் புதிய தோட்டங்களில் கறுப்பினத்தவரை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1934-ல் சட்டமே வந்தது. பூஞ்சை பிடித்த மண்ணோடு அவர்களும் பின்னால் விடப்பட்டார்கள்.

குவாத்தமாலாவில் இது இன்னும் பெரிதாக வெடித்தது. 1950-களின் தொடக்கத்தில் அங்கே நிறுவனத்திடம் ஐந்தரை லட்சம் ஏக்கர் நிலம். அதில் 85 சதவீதம் பயிரே செய்யப்படவில்லை. ஏன் என்று கேட்டால், நோய் வந்தால் நகர இடம் வேண்டும் என்பதே பதில். 1952-ல் ஹாகோபோ ஆர்பென்ஸ் அரசு, தரிசாகக் கிடக்கும் பெருநிலங்களை எடுத்து நிலமற்றவர்களுக்குக் கொடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. முதலில் எடுத்த நிலத்துக்கு, நிறுவனமே வரிக்காகக் காட்டியிருந்த மதிப்பின்படி இழப்பீடு கணக்கிட்டது: சுமார் 6,27,000 டாலர். நிறுவனத்துக்காக அமெரிக்க அரசு கேட்டது ஒன்றரைக் கோடி டாலருக்கும் மேல். 1954 ஜூனில் சிஐஏ ஏற்பாடு செய்த கவிழ்ப்பில் ஆர்பென்ஸ் பதவி இழந்தார். தொடர்ந்து வந்த ராணுவ ஆட்சிகளும் உள்நாட்டுப் போரும் தனிக்கதை.

பூஞ்சைதான் ஆட்சியைக் கவிழ்த்தது என்று நான் சொல்ல வரவில்லை. பனிப்போர், கம்யூனிச பயம், வாஷிங்டனில் நிறுவனத்துக்கு இருந்த செல்வாக்கு எல்லாம் உண்டு. ஆனால் அந்தத் தரிசு நிலத்துக்குச் சொல்லப்பட்ட நியாயம் இந்த நோய்தான். ஒரே ரகத்தை விடமாட்டேன் என்ற வியாபார முடிவின் விலையை, வாழைக்குப் பதில் நிலமில்லாதவன் கட்டினான்.

கடைசியில் ரகத்தையும் மாற்றத்தான் வேண்டியிருந்தது. போட்டி நிறுவனமான ஸ்டாண்டர்ட் ஃப்ரூட் முந்திக்கொண்டது. இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் கண்ணாடி வீட்டில் 1830-களில் வளர்க்கப்பட்டு, அவருடைய குடும்பப் பெயரைப் பெற்ற கேவண்டிஷ் வந்தது. சென்னைக் கடைகளில் மோரிஸ் என்றும், தேனித் தோட்டங்களில் ஜி9 என்றும் நாம் சொல்வது அந்தக் குடும்பம்தான். தோல் மெல்லியது. அதனால் குலையாக அனுப்பாமல் சீப்பாக வெட்டி அட்டைப்பெட்டியில் அடுக்கினார்கள். பனாமா நோய் அதைத் தொடவில்லை. பிரச்சினை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

*

முடியவில்லை. ஏன் என்பதற்கு பூஞ்சையின் மரபணுக்களைப் பார்க்க வேண்டும்.

ஃபுசாரியம் ஆக்ஸிஸ்போரத்தில் பல வகைகள் உண்டு. தக்காளியைக் கொல்வது வாழையைத் தொடாது. வாழையைக் கொல்வது பருத்தியைத் தொடாது. எந்தப் பயிரையும் தொடாமல் மண்ணில் சாதுவாக வாழ்பவையும் ஏராளம். எல்லாம் ஒரே இனம் என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

2010-ல் ‘நேச்சர்’ இதழில் லி-ஜுன் மா குழுவினரின் ஆய்வு வெளிவந்தது. தக்காளியைத் தாக்கும் வகைக்குப் பதினைந்து குரோமோசோம்கள். பெரும்பகுதி இனத்துக்கே பொதுவானது. நான்கு முழுக் குரோமோசோம்கள் மட்டும் இதற்கே உரியவை. தாக்குதலுக்கான புரதங்களின் மரபணுக்கள் இருப்பது அங்கேதான். தாக்கும் பூஞ்சையையும் சாதுவான ஒன்றையும் சேர்த்து வளர்த்தார்கள். குரோமோசோம் முழுதாக அடுத்ததற்குத் தாவியது. சாதுவாக இருந்தது தக்காளியை வாட வைத்தது. பென் டிரைவைச் செருகிய மாதிரி.

இந்தப் பூஞ்சையில் ஆண்-பெண் சேர்க்கையை இதுவரை யாரும் பார்த்ததில்லை. வாழை மாதிரியே இதுவும் தன்னைக் காப்பி எடுத்துக்கொண்டே போகிறது. ஆனால் பக்கத்தில் இருப்பவனிடமிருந்து ஆயுதம் வாங்கும் வழி அதனிடம் இருக்கிறது. நாம் பயிரிடும் வாழைக்கு அந்த வழி இல்லை.

1967-ல் தைவானில் கேவண்டிஷ் வாடத் தொடங்கியது. பிறகு டிஆர்4 என்று பெயர் பெற்ற வகை அது. மலேசியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா, மொசாம்பிக் என்று வந்து, 2019-ல் கொலம்பியாவில் உறுதிப்பட்டது. குரோ மிஷேலைக் கொன்றதன் வாரிசுதான் இது என்று எண்ணத் தோன்றும். ஆனால் இது அதிலிருந்து பிறந்ததல்ல, வேறு வழியில் உருவானது என்று 2024-ல் வந்த ஒரு மரபணு ஆய்வு காட்டியது. தாக்குதலில் முக்கியப் பங்கு இங்கேயும் கூடுதலாக ஒட்டிக்கொண்ட மரபணுக்களுக்குத்தான். பழைய எதிரிக்காகப் போட்ட பேட்ச் இந்த எதிரிக்கு உதவவில்லை.

இந்தியாவில் பீகாரின் கத்திஹார், பூர்ணியா பகுதிகளில் டிஆர்4 வந்துவிட்டது. அதை அடையாளம் கண்டு அறிவித்தவர்கள் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள். கன்றில், செருப்பில், டிராக்டர் சக்கரத்து மண்ணில் அது பயணம் செய்யும். ஆஸ்திரேலியாவில் ஒரு காட்டு வாழையின் நோயெதிர்ப்பு மரபணுவைக் கேவண்டிஷில் சேர்த்து, 2024-ல் அனுமதியும் வாங்கிவிட்டார்கள். பெரிய சாதனைதான். ஆனால் அதுவும் ஒரே மரத்தின் காப்பிகளாகத்தான் பெருகப்போகிறது. எதிரில் இருப்பதோ ஆயுதம் மாற்றத் தெரிந்த பூஞ்சை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பா தோட்டத்தைச் சுற்றி முக்கால்வாசி இப்போது ஜி9. நல்ல மகசூல், ஒரே சமயத்தில் வெட்டு, வண்டி வயலுக்கே வருகிறது. கடன் வாங்கிப் பயிர் செய்பவரிடம் போய் நான் என்ன சொல்ல? பெரியப்பாவிடம் மட்டும் பீகார் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், “அப்போ இதுக்கும் வாடல் வந்துட்டா என்ன போடறது?” என்றார்.

வேலியோரம் கொஞ்சம் பூவனும் நாலு மொந்தனும் விட்டு வைத்திருக்கிறார். யாரும் சொல்லிச் செய்ததில்லை. வீட்டுக்கு வேணும்ல, அதான்.