தேயிலைத் தோட்டத்து ஈறுகள்

பல் என்பதற்குச் சங்கப் புலவர் பெரிதும் ஆண்ட சொல் எயிறு. அதுவே மருவி ஈறு ஆயிற்று என்பர். பல்லின் வெண்மையை முல்லை அரும்போடு ஒப்பிட்டு மகிழ்ந்த நம் இலக்கியம், அதைத் தாங்கி நிற்கும் தசையைப் பெரும்பாலும் பேசாமலே விட்டது. வாழ்விலும் அப்படித்தான். கிள்ளை, பிச்சாவரம் பக்கத்து ஊர்களில் நாற்பது வயதில் ஒருவருக்குப் பல் ஆடினால், 'சூட்டு உடம்பு' என்றோ 'வயசாச்சு' என்றோ சொல்லி அமைகிறோம். சொத்தைக்குப் பூச்சியைக் காரணம் காட்டும் நாம், சொத்தையே இல்லாத பல் ஏன் விழுகிறது என்று கேட்பதில்லை.

அக்கேள்விக்கு விடை தேடிய வரலாறு நீண்டது. 1683இல் ஹாலந்து நாட்டு லீவன்ஹூக், தம் பல்லிடுக்கில் படிந்த வெண்ணிற மாவை உருப்பெருக்கியின்வழி நோக்கி, அதில் நெளியும் சிற்றுயிர்களைக் கண்டார். அப்படிவுதான் ஈற்றைப் புண்ணாக்குகிறது என்பது ஐயமற நிறுவப்பட ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆயின. 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்ட் லோவும் அவர் குழுவினரும், ஈறு நலமாயிருந்த 12 பேரைப் பல் துலக்காதிருக்கச் செய்தனர். மூன்று வாரங்களுக்குள் அனைவரின் ஈறும் அழற்சியுற்றது. மீண்டும் துலக்கியதும் ஆறிற்று.

தொடக்கம் தெரிந்தது. பல்லாண்டு கவனியாது விட்டால் என்னாகும்? அதை அறியப் பல் மருத்துவமே எட்டாத மக்கள் வேண்டும். அவர்கள் இலங்கையில் இருந்தனர். 1970இல் அங்கே இரு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாய்களை லோ குழுவினர் ஆராயத் தொடங்கினர். அத்தொழிலாளர் தமிழர், தோட்ட வேலைக்காகக் கடல் கடந்தவர்களின் வழிவந்தோர். 1985 வரை ஆய்வு தொடர்ந்தது. இறுதிவரை எஞ்சியோர் 161 பேர்.

1986இல் வெளியான முடிவு வியப்பளித்தது. அவர்களிடம் சொத்தை அநேகமாக இல்லை. ஆனால் ஈற்று அழற்சி எல்லோரிடமும் இருந்தது. ஆயினும் அழிவு ஒரே சீராக இல்லை. 100க்கு 8 பேருக்கு நோய் விரைந்து பரவி, 45 வயதில் பற்கள் முழுதும் போயின. 81 பேருக்கு மெல்ல முற்றியது. 45 வயதில் சராசரி 7 பற்களை இழந்தனர். 11 பேருக்கு அழற்சியோடு நின்றுவிட்டது.

ஆக, காரணம் ஒன்றன்று. பல்லில் படியும் நுண்ணுயிர்ப் படலம் தொடங்கி வைக்கிறது. அகற்றாவிடில் அது உமிழ்நீரின் உப்புகளால் இறுகிக் காரையாகிறது. அதை எதிர்க்கும் உடலின் போரே நாளடைவில் பல்லைப் பற்றியிருக்கும் எலும்பையும் கரைக்கிறது. அப்போர் எவ்வளவு கடுமையாகும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். புகையிலையும் நீரிழிவும் அதை முடுக்கிவிடும். துலக்கும்போது கசியும் குருதியே முதல் எச்சரிக்கை. வலி பெரும்பாலும் கடைசியில்தான் வரும்.

உலகெங்கும் பல் மருத்துவ மாணவர் இந்த எண்களைப் படிக்கின்றனர். அவற்றுக்குப் பின்னுள்ள மனிதரின் பெயர்கள் எண்களுக்குள் மறைந்துவிட்டன. தேயிலை பறித்துத் தந்த அம்மக்கள், அறியாமலே மருத்துவத்துக்கும் கொடை தந்தனர். அது அவர்கள் பற்களைக் கொடுத்து எழுதிய பாடம். அவர்களுக்கு மருத்துவம் எட்டவில்லை. நமக்கோ அண்ணாமலை நகரில் 1980 முதல் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஈற்றில் குருதி கண்ட அன்றே அங்கே போகாமல், பல் ஆடிய பின் பிடுங்குவதற்கு மட்டும் போவோமானால், அப்பாடத்தை நாம் படிக்கவேயில்லை என்றுதான் பொருள்.