பட்டன் அங்கேயேதான் இருக்கு, டெஸ்ட் ஏன் உடையுது?

இந்த எபிசோடை பெருமாநல்லூர்ல எங்க வீட்டு மொட்டை மாடியில ரெக்கார்ட் பண்ணேன். பின்னாடி ஓவர்லாக் மெஷின் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க.

என் முதல் வேலையில ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். 'சேமி' பட்டனைச் சுத்தி ஒருத்தர் புதுசா ஒரு டிவ் போட்டார், அவ்வளவுதான். 140 டெஸ்ட் சிவப்பு! ஆப்ல ஒரு தப்பும் இல்ல. இது அடிக்கடி நடக்கவும், சிவப்பைப் பார்த்தாலே "திரும்ப ஓட விடுப்பா"ன்னு பழகிட்டோம். அந்தப் பழக்கத்துல நிஜமான ஒரு பில் கணக்குப் பிழையும் ரிலீஸுக்குப் போயிருச்சு.

இந்த வம்பு எங்க ஆரம்பிச்சது? 2004, சிகாகோ. தாட்வொர்க்ஸ்ல ஜேசன் ஹக்கின்ஸ், கம்பெனிக்குள்ள ஓடின நேரம், செலவுக் கணக்கு ஆப்பை பிரவுசர்லயே தானா சோதிக்க ஒரு கருவி எழுதினார். அதுதான் செலினியம். அப்போ இந்தச் சந்தையில பெரிய கை மெர்குரி இன்டராக்டிவ். மெர்குரின்னா பாதரசம், பாதரச நஞ்சுக்கு செலினியம் மாத்துங்கிற கிண்டல்லதான் அந்தப் பேரே வந்தது.

அப்புறம் ஜப்பான்காரர் ஷின்யா கசதானி ஃபயர்ஃபாக்ஸ்ல செலினியம் ஐடிஈ கொண்டுவந்தார். நீங்க கிளிக் பண்ணுங்க, அது பதிவு பண்ணிக்கும். டெஸ்ட் எழுதுறது சுலபமாச்சு. ஆனா பதிவாகுறது பல சமயம் "மூணாவது டிவ்வுக்குள்ள ரெண்டாவது பட்டன்" மாதிரி முகவரி. நடுவுல ஒரு டிவ் நுழைஞ்சா முகவரி காலி.

எங்க ஊர்ல யாரும் இப்படி அளக்க மாட்டாங்க. பையர் அனுப்புற அளவு சார்ட்ல "அக்குளுக்கு 1 இஞ்ச் கீழ மார்பு அகலம்"னு இருக்கும். "நாலாவது டெய்லர் தைச்ச இடத்துல அள"ன்னு இருக்காது. லைனையே மாத்திப் போட்டாலும் பனியனை அதே டேப்ல சோதிக்கலாம்.

சாஃப்ட்வேர்ல முதல் வைத்தியம் பேஜ் ஆப்ஜெக்ட். வெப்டிரைவரை எழுதின சைமன் ஸ்டூவர்ட் பக்கம் இது பரவுச்சு. 2013-ல மார்ட்டின் ஃபௌலரும் எழுதினார். பக்கத்தோட முகவரியெல்லாம் ஒரே கிளாஸ்ல. கோடு மாறினா திருத்த வேண்டியது ஒரு இடம், 140 இல்ல. ஆனா உடையுறது நிக்கல, திருத்துற வேலைதான் குறைஞ்சது.

எனக்குப் பிடிச்சது 2018-ல கென்ட் சி. டாட்ஸ் கொண்டுவந்த டெஸ்டிங் லைப்ரரி. பயன்படுத்துறவர் எப்படித் தேடுவாரோ அப்படித் தேடு: 'சேமி'ன்னு பேர் உள்ள பட்டன். எத்தனை டிவ் சுத்தினாலும் கவலையில்ல. ஒரு சிக்கல், ஆப்பை இங்கிலீஷ்ல மாத்தினா 'சேமி' 'சேவ்' ஆயிடும். மொழி மாறுற ஆப்புக்கு டெஸ்டுக்குன்னே ஒரு தனி ஐடி வெச்சுடுறது நல்லது. அழகு இல்லதான், பரவால்ல.

கடைசியில நாங்க 140-ஐயும் மாத்தல. பணக் கணக்கைத் தொடுற 22-ஐ மட்டும் புதுசா எழுதினோம். மிச்சத்துல பாதியை அழிச்சுட்டோம். அடுத்த மாசம் ஒரு டெஸ்ட் சிவப்பாச்சு; எல்லாரும் எழுந்து வந்து ஸ்கிரீனைப் பார்த்தாங்க.