ஒரு பெட்ரோல் குழாயின் கதை



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் மெல்பனிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். விரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு ரப்பர் குழாய். கோடையில் வறண்ட ஏரி மாதிரி அதன் மேலெல்லாம் வெடிப்பு. "சார், இதுக்குள்ளதான் என் கார்ல பெட்ரோல் போயிட்டிருந்தது" என்று எழுதியிருந்தான்.

கார், 1993இல் வந்த மஸ்தா ஆர்எக்ஸ்-7. டர்போவின் அழுத்தத்தைக் கூட்டி இன்னும் வேகமாக ஓட்ட ஆசைப்பட்டிருக்கிறான். அதற்குள் ஒருநாள் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து நிறுத்தியபோது பெட்ரோல் வாடை. பானட்டைத் திறந்தால், கொதிக்கிற இன்ஜின் மேல் ஈரம். நல்ல வேளை, தீப்பொறி எதுவும் இல்லை. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம்!

"ஏன் சார் இப்படி ஆச்சு?" என்று கேட்டான். பதில் எழுத உட்கார்ந்தேன். அது சரித்திரப் பாடமாகிவிட்டது. உங்களுக்கும் சொல்கிறேன்.

சாதாரண இன்ஜினில் பிஸ்டன், சைக்கிள் பம்பு மாதிரி மேலும் கீழும் போய் வரும். இந்தக் காரில் பிஸ்டனே கிடையாது. நடுவில் இடுக்கிய வேர்க்கடலை ஓடு போன்ற ஓர் அறைக்குள் முக்கோண உருளை ஒன்று சுழலும். இதுதான் ரோட்டரி இன்ஜின். ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் வாங்கல் யோசித்தது. 1957இல் என்எஸ்யு நிறுவனத்தில் முதன்முதலாக ஓடியது.

1961இல் அதன் உரிமத்தை வாங்கியது ஹிரோஷிமாவின் டோயோ கோக்யோ. பின்னாளில் மஸ்தா என்று பெயர் மாற்றிக்கொண்ட கம்பெனி. 1945இல் அணுகுண்டு விழுந்தபோது ஹிஜியாமா என்ற குன்று மறைத்ததால் அந்தத் தொழிற்சாலை தப்பியிருந்தது. அறுபதுகளில் வேறோர் ஆபத்து வந்தது. சிறிய கார் கம்பெனிகளைப் பெரியவற்றோடு இணைத்துவிட ஜப்பான் அரசு நினைத்தது. யாரிடமும் இல்லாத ஒன்று கையில் இருந்தால்தான் பிழைக்கலாம் என்று கம்பெனியின் தலைவர் மாட்சுடா சுனேஜி முடிவு செய்தார்.

ஆனால் அந்த இன்ஜின் அறையின் உட்சுவரில் அலை அலையாகக் கீறல்கள் விழுந்தன. முக்கோணத்தின் முனைகளில் இருக்கும் மெல்லிய சீல்கள் அதிர்ந்து உண்டாக்கிய கீறல்கள். 'பேயின் நகக்கீறல்' என்று பெயர் வைத்தார்கள். யமமோட்டோ கெனிச்சி தலைமையில் 47 பொறியாளர்கள் அதோடு மல்லுக்கட்டினார்கள். கார்பனில் அலுமினியம் ஏற்றிய சீல் கைகொடுத்தது. 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் வந்தது. அதே வருடம் ஜெர்மனியில் என்எஸ்யு விட்ட ஆர்ஓ 80 காரின் சீல்கள் தேய்ந்து, அந்தக் கம்பெனியே நொடித்து, 1969இல் ஃபோக்ஸ்வாகன் கைக்குப் போனது.

1991இல் ரோட்டரி இன்ஜின் பூட்டிய மஸ்தா கார் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தையே ஜெயித்தது. என் மாணவனிடம் இருக்கும் மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 வெளிவந்ததும் அதே வருடம்தான். 1308 சிசி, இரண்டு டர்போ.

இனி குழாய்க்கு வருவோம். ரோட்டரியில் புகை மிகச் சூடாக வெளியேறும். காற்று உள்ளே போகும் வழியும் புகை வெளியேறும் வழியும் இன்ஜினின் ஒரே பக்கத்தில். டர்போக்களும் அங்கேதான். பெட்ரோல் ரப்பர் குழாய்கள் அந்த வெக்கையிலேயே கிடக்கின்றன. 30 வருடம் வெந்த ரப்பர் இறுகி வெடிக்கும்.

இன்னொரு விஷயம். டர்போ அழுத்தத்தைக் கூட்டினால் காற்று கூடும். பெட்ரோலும் அதே கணக்கில் கூட வேண்டும். குறைந்தால் சூடு ஏறி, நேரங்கெட்ட நேரத்தில் கலவை வெடிக்கும். அந்த அடியில் முதலில் உடைவது 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்த முனை சீல்தான். 47 பேர் பாடுபட்டுக் காப்பாற்றிய சீல், ஒரு விநாடியில் போய்விடும்.

பனிரெண்டாம் வகுப்பில் நான் நடத்திய புவாசே விதி ஞாபகம் இருக்கிறதா? ரத்த ஓட்டத்தை ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர். சீராக ஓடும் திரவத்துக்குக் குழாயின் விட்டம் 2 மடங்கானால், அதே அழுத்தத்தில் 16 மடங்கு ஓடும் என்றவர். காருக்குள் வேகமாக ஓடும் பெட்ரோலுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் விட்டத்தைச் சற்றுக் கூட்டினாலே பலன் பெரிது. பம்பை மட்டும் பெரிதாக்கிவிட்டுக் குறுகலான பழைய குழாயை விட்டுவைப்பது, வாய்க்காலைத் தூர்வாராமல் மதகைத் திறப்பது போலத்தான்.

இப்போது அவன் போட்டிருப்பது உள்ளே டெஃப்லான், வெளியே எஃகுக் கம்பிப் பின்னல் உள்ள குழாய். டெஃப்லான் 1938இல் ராய் பிளங்கெட் என்ற அமெரிக்க வேதியியலாளர் தற்செயலாகக் கண்டது. ரப்பர் மாதிரி அது பெட்ரோலில் ஊறி இறுகாது. குழாயின் அளவு 'ஏஎன் 6'. அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் விமானங்களுக்கு வைத்த தர எண் அது. 6 என்றால் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஆறு பங்கு. கூடவே ஒரு ரெகுலேட்டர். டர்போ எவ்வளவு அழுத்துகிறதோ அதே அளவு பெட்ரோலின் அழுத்தத்தையும் அது ஏற்றிவிடும்.

டர்போவை இன்னும் தொடவில்லையாம். "முதல்ல குழாய், அப்புறம்தான் வேகம் சார்" என்றான். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவன். நூற்றுக்கு நூறு போட்டுவிட்டேன்.

உங்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம். இந்தக் கார் நம்மில் யாரிடமும் இருக்கப் போவதில்லை. ஆனால் காஸ் அடுப்புக்குப் பின்னால் ஒரு ரப்பர் ட்யூப் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. 5 வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். இன்று அடுப்பை அணைத்தபின் குனிந்து, அதில் அச்சடித்திருக்கும் வருடத்தைப் பாருங்கள். நானும் நேற்றுப் பார்த்தேன். தாண்டி இரண்டு வருடம் ஆகியிருந்தது. இன்று காலை மாற்றியாகிவிட்டது.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் சார்