எட்டு பெருக்கல் நாற்பத்திரண்டு

பைனாகுலர் வாங்கக் கடைக்குப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மடங்கு பெரிசா காட்டும்?" என்பதுதான். கடைக்காரரும் அதை எதிர்பார்த்தே 20×50, 30×60 என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டதை எடுத்து வைப்பார். வாங்கியவர் அதைக் கொண்டுபோய் வடுவூர் ஏரிக்கரையில் நின்று பார்த்தால்... படம் ஆடும், ஓரமெல்லாம் நீலமும் ஊதாவுமாகத் தெரியும், சாயங்காலம் ஆனதும் ஒன்றுமே தெரியாது!

தஞ்சை, திருவாரூர், நாகை பக்கம் பறவை பார்ப்பதற்கு மடங்குக் கணக்கு ஏன் உதவாது என்பதற்குப் பின்னால் 400 வருடக் கதை இருக்கிறது.

1608ல் நெதர்லாந்தில் மிடில்பர்க் ஊரைச் சேர்ந்த ஹான்ஸ் லிப்பர்ஹே என்ற மூக்குக்கண்ணாடி செய்பவர், தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் குழாய் ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அரசாங்கத்தார் அதைப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணாலும் பார்க்கிற மாதிரி செய்து தர முடியுமா என்று கேட்டார்கள். அவரும் செய்து கொடுத்தார். ஆக, தொலைநோக்கி பிறந்த அதே வருடமே பைனாகுலரும் பிறந்துவிட்டது. (காப்புரிமை மட்டும் கிடைக்கவில்லை. வேறு சிலரும் உரிமை கொண்டாடினார்கள்.)

அதற்குப் பன்னிரண்டே வருடம் கழித்து, 1620ல், தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க்காரர்களுடன் ஒப்பந்தம் போட்டுத் தரங்கம்பாடியைக் கொடுத்தார். பின்னாளில் அங்கே வந்த ஜெர்மன் பாதிரிமார்களில் சிலருக்கு வேத போதனையோடு செடி கொடி, பாம்பு, சங்கு சேகரிப்பதிலும் ஆர்வம் அதிகம். கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்பவர் பெயரில்தான் மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயரே இருக்கிறது, எரிக்ஸ் ஜானியை! ஆனால் இவர்கள் ஐரோப்பாவுக்கு அனுப்பியதெல்லாம் காய வைத்தது, சாராயத்தில் ஊற வைத்தது, பஞ்சு அடைத்தது. உயிரோடு இருப்பதைத் தூரத்திலிருந்து பார்த்துப் படிக்கும் வழக்கம் அப்போது பரவியிருக்கவில்லை.

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜியை இங்கே சொல்லாமல் போக முடியாது. 1826ல் அவரைச் சந்தித்த பிஷப் ஹீபர், லவாய்சியே, லின்னேயஸ், பஃபான் என்று இந்த ராஜா சரளமாக எடுத்துப் பேசுவதைக் கண்டு அசந்து போய் எழுதியிருக்கிறார். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாகச் சேதுபாவாசத்திரம் பக்கம் கடற்கரையில் மனோரா கோபுரத்தைக் கட்டியவரும் இவரே. பறவைகளையும் விலங்குகளையும் ஓவியர்களை வைத்து வரையச் செய்தார். தன் மருத்துவசாலைக்கு வந்த கண் நோயாளிகளின் கண்களையும் படமாக வரைந்து, நோய்க்குறிப்போடு சேர்த்து வைக்கச் செய்தார். அந்தக் குறிப்புகள் இன்றும் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. பறவையையும் கண்ணையும் இத்தனை அக்கறையாகப் பார்த்த அந்த ராஜாவுக்கு, இன்று ஒரு கல்லூரி மாணவர் கழுத்தில் தொங்குகிற கருவி கிடைக்கவில்லை. அப்போது அப்படி ஒன்று உலகத்திலேயே கிடையாது.

இருந்ததெல்லாம் என்ன? ஒரு முழ நீளக் குழாய், இல்லாவிட்டால் நாடகம் பார்க்கிறவர்கள் கையில் வைத்திருக்கும் சின்ன இரட்டைக் கண்ணாடி. மூன்று நான்கு மடங்குக்கு மேல் போனால் அதில் பார்வைப் பரப்பு சாவித் துவாரம் மாதிரி சுருங்கிவிடும். அதனால் பறவையை அடையாளம் காண ஒரே வழிதான், துப்பாக்கி. 1885ல் ஏ.ஓ. ஹியூம் (ஆமாம், காங்கிரஸ் ஸ்தாபகர் அவரேதான்) பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த பறவை மாதிரிகள் சுமார் 80 ஆயிரம். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? சுடாமல் சொன்னால் அந்தக் காலத்தில் யாரும் நம்பமாட்டார்கள்.

மாற்றம் வந்தது முப்பட்டகக் கண்ணாடியால். 1854ல் இத்தாலியரான இக்னாசியோ போரோ, பட்டகங்களுக்குள் ஒளியை மடக்கித் திருப்பினால் நீளக் குழாயைக் குட்டையாக்கலாம், தலைகீழ்ப் படத்தையும் நிமிர்த்தலாம் என்று காட்டினார். யோசனை அபாரம், ஆனால் அதற்கேற்ற தெளிவான கண்ணாடி கிடைக்கவில்லை. ஜெர்மனியில் யேனா நகரத்தில் ஆட்டோ ஷாட் புதுவகைக் கண்ணாடி உருக்கத் தொடங்கிய பிறகு, 1894ல் எர்ன்ஸ்ட் அபேயின் வடிவமைப்பில் சைஸ் நிறுவனம் பட்டகம் வைத்த பைனாகுலரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1901ல் எட்மண்ட் செலூஸ் என்ற ஆங்கிலேயர், பறவையைச் சுடுவதை விட்டுவிட்டுப் பார்க்கலாமே என்ற எண்ணத்தில் ஒரு புத்தகமே எழுதினார்.

அதன் பிறகும் ஒரு குறை இருந்தது. பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் நான்கு சதவீதத்துக்கு மேல் ஒளி பிரதிபலித்து வீணாகும். ஒரு குழாயில் இப்படிப் பத்துப் பரப்பு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் கண்ணுக்கு வந்தே சேராது! 1935ல் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா, இந்த இழப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சைக் கண்டுபிடித்தார். அது ராணுவ ரகசியமாக வைக்கப்பட்டது. விலை உயர்ந்த பைனாகுலருக்கும் மலிவானதற்கும் இன்று இருக்கும் வித்தியாசத்தில் பெரும் பகுதி, மடங்கில் இல்லை, இந்தப் பூச்சில்தான் இருக்கிறது. மலிவானவற்றில் வரும் பளபளா சிவப்புப் பூச்சு வேறு சமாச்சாரம். சிவப்பு ஒளியை வெளியே திருப்பி அனுப்புவதால், உள்ளே தெரியும் பறவையின் நிறமே மாறிவிடும்.

இந்தியாவில் துப்பாக்கியும் பைனாகுலரும் ஒரே மனிதர் கையில் இருந்தது என்றால் அது சாலிம் அலி. சிறுவனாக அவர் சுட்டு வீழ்த்திய ஒரு குருவிதான் அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அழைத்துப் போனது என்பது பலருக்கும் தெரிந்த கதை. 1962ல் அவர்தான் கோடியக்கரையின் முக்கியத்துவத்தை, வலசை வரும் நீர்ப்பறவைகள் வந்து சேரும் இடம் அது என்பதை, எடுத்துச் சொன்னார். 1967ல் அது சரணாலயம் ஆனது, 2002ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கழகத்துக்காரர்கள் அங்கே பீகாரிலிருந்து வந்த மீர்ஷிகார் பறவைபிடிகாரர்களை வைத்து வலைபோட்டுப் பிடித்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டார்கள். இந்தக் கையால் பிடித்துப் பார்க்கும் வேலையில் கிடைத்த ஒரு செய்திதான் பைனாகுலர் வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியது.

கோடியக்கரைச் சேற்றில் கொசு உள்ளான்கள் கூட்டம் கூட்டமாக மேயும். சாண் நீளம்கூட இல்லாத குட்டிப் பறவை, எடை முப்பது கிராமுக்குள். 1980களில் அந்தக் கூட்டத்துக்குள் கரண்டிமூக்கு உள்ளானும் பதிவானது. ரஷ்யாவின் வடகிழக்கு ஓரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு வரும் பறவை அது. இன்று உலகம் முழுவதும் சில நூறுதான் மிச்சம். நேராக நம்மைப் பார்த்தால்தான் அலகின் நுனியில் கரண்டி தெரியும், பக்கவாட்டில் திரும்பினால் அதுவும் கொசு உள்ளான் மாதிரியே இருக்கும். ஆயிரத்தில் ஒன்றைப் பிரித்துச் சொல்லக் கண்ணாடி தெளிவாக இருக்க வேண்டும், கை ஆடாமலும் இருக்க வேண்டும்.

சரி, அப்படியானால் எந்த எண்?

8×42 என்றால் எட்டு மடங்கு, முன் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். 42ஐ எட்டால் வகுத்தால் 5.25. கண்ணுக்குள் வந்து விழும் ஒளிக்கற்றையின் அகலம் அது. 10×42ல் இது 4.2, பாக்கெட்டில் போடும் 8×21ல் 2.6தான். நடுப்பகலில் வித்தியாசம் தெரியாது. ஆனால் டெல்டாவில் பறவை பார்க்கும் நேரம் மார்கழிப் பனி விலகாத விடியற்காலை, இல்லையென்றால் நீர்க்காகங்களும் கொக்குகளும் வடுவூரில் அடைய வரும் அந்தி. அப்போது அந்த இரண்டு மில்லிமீட்டர்தான் எல்லாம்.

பத்து மடங்கு வேண்டாமா என்று கேட்பவர்கள் வேதாரண்யம் உப்பளத்தில் (1930ல் ராஜாஜி உப்பு அள்ளிய அதே வேதாரண்யம்) பத்து மணி வெயிலில் பார்த்தால் புரியும். தரையிலிருந்து எழும் வெக்கையில் பறவை தண்ணீருக்குள் இருப்பது போல நெளியும். மடங்கு கூடினால் நெளிவும் கூடும், கை நடுக்கமும் கூடும். ஏரிக்கு நடுவே தூரத்தில் கிடக்கும் வாத்துக்குப் பத்து உதவும்தான். வயல் வரப்பில் நடந்துகொண்டே பார்ப்பவருக்கு எட்டே போதும், பார்வைப் பரப்பும் அகலமாக இருக்கும்.

அடுத்தது மழை. வலசைப் பறவை வருவது அக்டோபரில், வடகிழக்குப் பருவமழை வருவதும் அப்போதுதான்! நைட்ரஜன் அடைத்து மூடி முத்திரையிட்ட வகை இல்லையென்றால் உள்ளே ஆவி படியும், நாளடைவில் பூஞ்சை வலை பின்னும். பூஞ்சை பிடித்த கண்ணாடியைத் துடைத்தாலும் பூச்சு போனது போனதுதான். அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்தால் ஈரம் இழுத்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வது நெல் விளையும் ஊருக்குப் பொருத்தமான யோசனைதான், ஆனால் தவிட்டுத் தூசுதான் சேரும். மூடிய டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள், கண்ணைச் சற்றுத் தள்ளி வைத்தாலும் முழு வட்டமும் தெரிகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

வடிவத்தைப் பார்த்து ஏமாறுபவர்களும் உண்டு. நேர்க்குழாயாக ஒல்லியாக இருக்கும் கூரைப்பட்டக வகை 1905லேயே ஹென்சோல்ட் நிறுவனத்தால் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பட்டகத்தில் ஒளி இரண்டாகப் பிரிந்து சேர்வதால் படம் லேசாக மங்கும். அதைச் சரிசெய்யும் பூச்சு 1988ல்தான் சைஸிடமிருந்து வந்தது. அந்தப் பூச்சு இல்லாத மலிவான நேர்க்குழாயைவிட, அதே விலைக்குக் கிடைக்கும் தோள் அகன்ற பழைய போரோ வகை தெளிவாகத் தெரியும். 2000களில் இந்தியப் பறவை ஆர்வலர்களிடம் நிறையப் புழங்கிய ஒலிம்பஸ் 8×40 இந்த வகைதான். கனம், பார்க்க அழகில்லை, மழைக்கு ஆகாது... ஆனால் கொடுத்த காசுக்குப் பார்வை கிடைத்தது.

பொருளாதாரப் பாடத்தில் குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி என்று ஒன்று வரும். அதற்கு ஆரஞ்சுப் பழத்தை உதாரணம் சொல்வதைவிடப் பைனாகுலரைச் சொல்லலாம். இரண்டாயிரம் ரூபாய் பொருளிலிருந்து பத்தாயிரம் ரூபாய் பொருளுக்குப் போனால் உலகமே மாறும். பத்தாயிரத்திலிருந்து முப்பதாயிரத்துக்குப் போனால் அந்தி வேளையில் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், மழைக்கும் பயப்பட வேண்டாம். அதற்கு மேல் லட்சத்தைத் தாண்டும் ஸ்வரோவ்ஸ்கி, லைக்கா, சைஸ் எல்லாம் தருவது, கரண்டிமூக்கு உள்ளானைத் தேடுகிறவருக்குத் தேவைப்படும் கடைசித் துளி. தினமும் அந்த வேலை செய்பவருக்கு அது செலவு இல்லை. வருடத்துக்கு இரண்டு தரம் ஏரிக்குப் போகிறவருக்கு அது அலமாரிச் சொத்து.

2015லிருந்து பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டு ஆர்வலர்கள் பறவைக் கணக்கெடுப்பு நடத்தி வருகிறார்கள். அறுவடை நேரம், வயலில் கொக்கும் அரிவாள்மூக்கனும் இறங்கியிருக்கும். வளையத்தோடு காலில் நிறப்பட்டை கட்டிய உள்ளானைக் கண்டால், பிடிக்காமலேயே பட்டையின் நிறத்தைக் குறித்து அனுப்பிவிடலாம். வரும் குழுவில் பல நேரம் ஐந்து பேருக்கு ஒரு பைனாகுலர்தான் இருக்கும், அது கை மாறிக்கொண்டே இருக்கும். அடுத்தவர் வாங்கியதும் முதலில் செய்ய வேண்டியது, இடது கண்ணுக்கு நடுத்திருகைச் சரிசெய்துவிட்டு, பிறகு அதைத் தொடாமல் வலது கண் வளையத்தைத் தன் கண்ணுக்குத் திருகிக்கொள்வது. அதற்குள் பறவை பறந்துவிடாமல் இருந்தால் சரி.