ஒயர் இல்லாத ரம்பம்

போன மாதம் பிளைவுட் அறுக்கும்போது ரம்பத்தின் ஒயரையே அறுத்துவிட்டேன். ஃப்யூஸ் போனதோடு தப்பித்தேன். "இனிமேல் ஒயர் வைத்த ரம்பம் இந்த வீட்டில் கூடாது" என்று மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

கையில் பிடிக்கும் மின்சார வட்ட ரம்பத்துக்கு வித்து கரும்புத் தோட்டம். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் எட்மண்ட் மிஷெல் என்பவர், தொழிலாளிகள் கத்தியால் கரும்பு வெட்டி அலுப்பதைப் பார்த்து, கத்தியில் மோட்டாரைப் பொருத்தினார். அதிலிருந்துதான் மரம் அறுக்கும் வட்ட பிளேடுக்குப் போனார். 1924இல் கம்பெனியும் தொடங்கியாயிற்று. அதுதான் பிற்பாடு ஸ்கில் ஆனது.

ஒயர் மட்டும் விடவில்லை. பிளாக் அண்ட் டெக்கர் 1961லேயே பேட்டரி டிரில் கொண்டுவந்துவிட்டது. ஆனால் துளை போடுவது சில விநாடி வேலை. அறுப்பதற்கு விடாமல் இழுக்கும் சக்தி வேண்டும். பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்கு அதில் மூச்சு வாங்கும். 2005 வாக்கில் லித்தியம் அயான் கருவிகள் வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

கடைக்காரர் 185 மி.மீ. பிளேடு போட்டதைக் காட்டினார். 19 மி.மீ. பலகைக்கு அவ்வளவு எதற்கு? தூக்கியதுமே மணிக்கட்டு வேண்டாம் என்றது. 165 மி.மீ., 18 வோல்ட் எடுத்தேன். பிளேடு மூடி சட்டென்று மூடுகிறதா என்று மட்டும் நாலு தடவை இழுத்துப் பார்த்தேன். விலையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.